நாலு குழு, ஒரு பாய், ஒரு டீச்சர்: சுழற்சியை எப்படி நடத்துகிறீர்கள்?

முல்லைத்திணை எழுதியது:

வணக்கம். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 1, 2, 3 வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம். தலைமையாசிரியர் 4, 5 பார்க்கிறார், அவர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்தும் என் தலையில். என் அறையில் 27 பிள்ளைகள். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரித்து வேலை கொடுப்பது பழகிவிட்டது, கையேட்டிலும் அதற்கு வழி இருக்கிறது. எனக்குச் சிக்கல் இடம் மாற்றுவதில்தான்.

நான்கு குழு, நான்கு இடம் வைத்திருக்கிறேன். ஒரு குழு என்னோடு பாயில், ஒன்று எழுத்து அட்டையில், ஒன்று கணக்கு விளையாட்டில், ஒன்று வாசிப்பு மூலையில். 15 நிமிடத்துக்கு ஒரு முறை மணியடித்து மாற்றுகிறேன். மணி அடித்ததும் விளையாட்டுக் குழு எழுந்திருக்க மறுக்கிறது, வாசிப்புக் குழு ஏற்கெனவே எழுந்து அங்கே போய் நின்றுவிடுகிறது, எழுத்து அட்டையும் எண் அட்டையும் கலந்துவிடுகின்றன, பாயில் என்னோடு இருந்த பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்து ஒரு சொல்லை எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கும். ஒவ்வொரு முறையும் மாறி உட்கார்ந்து அடங்குவதற்கே நேரம் போய்விடுகிறது. விளையாட்டுப் பட்டியல் வேண்டாம், அது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்திலேயே போதும் போதும் என்ற அளவுக்குக் கிடைக்கிறது. நடத்துகிற விதத்தைச் சொல்லுங்கள்.

ஓட்டுக்கூரை எழுதியது:

டீச்சர், பிள்ளைகள்தான் நகர வேண்டும் என்று என்ன கட்டாயம்? அட்டையும் விளையாட்டுப் பொருளும் வைத்த தட்டு நகரலாம், நீங்களும் நகரலாம். 27 பேர் ஒரே நேரத்தில் எழுந்து இடம் மாறுவது தேரை நிலையிலிருந்து கிளப்புகிற வேலை, தள்ள ஆள் வேண்டும், கட்டை போட ஆள் வேண்டும். தட்டை நகர்த்தினால் எழுந்திருப்பவர்கள் நான்கே பேர்.

நான் செய்வது இது. ஒவ்வொரு குழுவுக்கும் வாரம் ஒரு தட்டுக்காரர். தட்டின் உள்பக்கம் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், அட்டை 24, தாயக்கட்டை 2, புளியங்கொட்டை 50 என்று. வாங்குகிற குழு எண்ணிப் பார்த்து, சரி என்றால்தான் வாங்கும். முதலில் இதற்கே அரை மணி நேரம் ஆனது, சண்டையும் வந்தது, ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 50 கொட்டையைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணுவதைவிட வேறென்ன கணக்குப் பாடம் வேண்டும்? இப்போது அட்டை தொலைவதே இல்லை என்று சொல்ல மாட்டேன், தொலைந்தால் எந்தக் குழுவில் தொலைந்தது என்று தெரிகிறது.

அப்புறம் அந்த 15 நிமிடம். ஒரே நாளில் நான்கு குழுவும் பாய்க்கு வந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வதால்தான் அந்தக் கணக்கு வருகிறது. என்னிடம் அரும்புப் பிள்ளைகள் தினமும் பாயில் உட்காருவார்கள், மொட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள், மலர் வாரத்தில் இரண்டு நாள். ஆக ஒரு நாளில் இரண்டு குழுதான் பாய்க்கு வரும், ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். சமமாகப் பங்கிடுவது நியாயம் போலத் தெரியும், ஆனால் எழுத்துக்கூட்ட முடியாத பிள்ளைக்கும் தானாகக் கதை வாசிக்கிற பிள்ளைக்கும் ஒரே அளவு டீச்சர் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொன்று, நான் பாயில் இருக்கும்போது யாரும் என்னிடம் வரக்கூடாது. கழிவறை, வாந்தி, ரத்தம், இந்த மூன்றுக்கு மட்டும் வரலாம். "டீச்சர் இவன் என் பென்சிலை எடுத்துட்டான்" என்பதற்கு அனுமதி இல்லை.

பழைய_ஏணி எழுதியது:

ஓய்வு பெற்றுவிட்டேன், இருந்தாலும் இந்தத் தலைப்பைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. மணியடித்து எல்லோரையும் ஒன்றாக மாற்றுவது என்பதே எனக்கு விநோதமாக இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் அட்டை அட்டையாகத் தன் வேகத்தில் படிக்கிற செயல்வழிக் கற்றலில் மணியே கிடையாது.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கியது அது. அப்போது மாநகராட்சி ஆணையர் எம்.பி.விஜயகுமார். மூலம் ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலி, அங்கே ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறை. பிறகு விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு மாநிலத் திட்ட இயக்குநராக வந்தார், 2007-08-இல் மாநிலம் முழுக்க 1 முதல் 4 வகுப்பு வரை பரவியது. சுவரில் பிள்ளை உயரத்துக்குத் தாழ்ந்த கரும்பலகை, அதில் ஆளுக்கொரு கட்டம், தலைக்கு மேலே படைப்புகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், எல்லாம் அப்போது வந்தவைதான். இன்றைக்கும் பல பள்ளிகளில் அந்தக் கரும்பலகை இருக்கிறது, மேலே வண்ணம் அடித்துப் படம் வரைந்துவிட்டார்கள்.

அங்கே குழுவை முடிவு செய்வது அட்டை. பிள்ளை பாடங்களை வரிசைப்படுத்திய ஏணிப்படி அட்டவணையில் தன் இடத்தைப் பார்க்கும், தட்டிலிருந்து அடுத்த அட்டையை எடுக்கும், அட்டையில் உள்ள சின்னம் எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிடும். ஆறு குழு இருந்தன: ஆசிரியர் முழுவதும் உதவுவது, பாதி உதவுவது, சக மாணவர் முழுவதும் உதவுவது, பாதி உதவுவது, தானே கற்பது, மதிப்பீடு. வேலை முடிந்த பிள்ளை மட்டும் எழுந்து போகும். எந்த நேரத்தில் பார்த்தாலும் இரண்டு மூன்று பேர்தான் நடந்துகொண்டிருப்பார்கள், அதனால் கூச்சலும் இல்லை, தள்ளுமுள்ளும் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்ததை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. உங்கள் மாதிரி மூன்று வகுப்பு ஒரே அறையில் இருக்கிற இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

சும்மா_கேட்கிறேன் எழுதியது:

ஐயா, நீங்கள் நல்ல பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். நானும் அந்த அட்டைகளோடு குப்பை கொட்டியவன்தான். சக மாணவர் உதவும் குழு என்று பெயர், நடந்தது என்ன? கெட்டிக்காரப் பெண் பிள்ளை ஒன்று நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதன் சொந்த அட்டை அப்படியே கிடக்கும். ஆசிரியர் உதவும் குழுவில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்து காத்திருப்பார்கள். மெதுவாகப் போகலாம் என்ற சலுகையில் சில பிள்ளைகள் ஒரே படியில் மாதக்கணக்கில் நிற்கும், ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

எண்ணும் எழுத்தும் வகுப்பறையின் இப்போதைய களங்களும் அப்படித்தான். கதைக்களம், பாடல் களம், பொம்மலாட்டக் களம் என்று மூலைக்கு மூலை பெயர்ப்பலகை இருக்கிறது. பார்வையிட ஆள் வருகிறார் என்றால் பொம்மை பையிலிருந்து வெளியே வரும், அவர் போனதும் உள்ளே போய்விடும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 60 பிள்ளை வரை 2 ஆசிரியர் போதும் என்று இருக்கிறது, ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர். அதைக் கேட்காமல் தட்டு நகரட்டுமா பிள்ளை நகரட்டுமா என்று பேசுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. வகுப்புக்கு ஒரு ஆசிரியர் கொடுங்கள், இந்தச் சுழற்சியே வேண்டாம்.

ஓட்டுக்கூரை எழுதியது:

கூடுதல் ஆசிரியர்களைக் கேட்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை சார். ஆனால் நாளைக்கே வகுப்புக்கு ஒருவர் வந்தாலும் அந்த ஒரே வகுப்புக்குள் எழுத்து தெரியாதவர், சொல் வாசிப்பவர், பத்தி வாசிப்பவர் என்று மூன்று நிலையும் இருக்கும். எதிரே நிற்கிற எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்தினால் யாரோ ஒரு பகுதி சும்மா உட்கார்ந்திருக்கத்தான் போகிறது, சத்தம் இல்லாமல் உட்கார்ந்திருப்பதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். நான் இல்லாத குழு என்ன செய்கிறது என்பதுதான் இதில் முழு விஷயமும்.

பழைய_ஏணி எழுதியது:

சும்மா கேட்கிறேன் சார் சொல்வதில் காத்திருப்பு விஷயம் உண்மை. அதற்கு ஒன்று சொல்கிறேன். பாய்க்கு வரும் பிள்ளை வெறுங்கையோடு வரக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலேட்டில் ஏதாவது எழுதிக்கொண்டுதான் வர வேண்டும், காத்திருக்கும் நேரத்தில் அதைப் பக்கத்துப் பிள்ளைக்குப் படித்துக் காட்டும். கெட்டிக்காரப் பிள்ளை விஷயத்துக்கு, உதவும் வேலையைச் சுழற்றிவிட்டாலே போதும், ஒரே பிள்ளை தொடர்ந்து இரண்டு நாள் உதவியாளராக இருக்கக் கூடாது என்று நான் வைத்திருந்தேன்.

முல்லைத்திணை எழுதியது:

தட்டை நகர்த்தும் யோசனை மிகவும் பிடித்திருக்கிறது, திங்கட்கிழமை செய்து பார்க்கிறேன். இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நிலை வாரியாகக் குழு போட்டால், அரும்பு என்றால் என்ன அர்த்தம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. பூவின் பெயரை வைத்தாலும் தெரிந்துவிடுகிறது. கலந்து போட்டால் பாயில் என்னால் பாடம் நடத்த முடியவில்லை. என்ன செய்கிறீர்கள்?

அப்புறம், தயங்கித் தயங்கிக் கேட்கிறேன், விளையாட்டுப் பட்டியல் வேண்டாம் என்று சொன்னவள்தான், ஆனால் டீச்சர் இல்லாமலே ஓடுகிற விளையாட்டு எது?

சோழிக்கணக்கு எழுதியது:

குழுக் கேள்விக்கு: பாய்க்கு வரும்போது நிலை வாரியாக, விளையாட்டுத் தட்டுக்குப் போகும்போது கலந்து. ஒரு பிள்ளைக்கு இரண்டு குழு இருக்கட்டும். பாய்க் குழுவுக்குப் பெயரே வைக்க வேண்டாம், பெயர் சொல்லி நான்கு பேரைக் கூப்பிடுங்கள், போதும். விளையாட்டுக் குழுவுக்கு மட்டும் மயில், முயல் என்று என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

விளையாட்டைப் பற்றிக் கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டீச்சர் இல்லாமல் ஓட வேண்டும் என்றால் மூன்று விஷயம் பார்ப்பேன். சரியா தப்பா என்று விளையாட்டே சொல்ல வேண்டும், முறை சீக்கிரம் சீக்கிரம் வர வேண்டும், பாதியில் நிறுத்தினாலும் அழுகை வரக்கூடாது.

முதலில் பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5 சோழி, மொத்தம் 70. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்வார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதலில் விரலை வைத்து எண்ணிப் பார்த்து நான்கு என்று சொல்லும், கொஞ்ச நாளில் எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் பசு என்று கத்தும். அந்தக் கத்தல்தான் கற்றல். ஆட்டம் முடிந்ததும் இருவரும் தங்கள் சோழியை எண்ணிக் கரும்பலகையில் எழுத வேண்டும். 38 என்று ஒருவர் எழுதினால் மற்றவரிடம் 32 இருக்க வேண்டும். கூட்டினால் 70 வரவில்லை என்றால் ஒன்று எண்ணியது தப்பு, இல்லை பாய்க்கு அடியில் சோழி கிடக்கிறது. என்னிடம் வந்து கேட்க வேண்டிய தேவையே இல்லை.

அடுத்து தாயம். சதுரக் கட்டைக்குப் பதில் நம் ஊர் நீளக் கட்டை இரண்டு வாங்குங்கள். ஒரு கட்டையில் வெறுமை, 1, 2, 3 என நான்கு பக்கம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12, மற்றபடி இரண்டையும் கூட்டுவதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை உருட்டி உருட்டி எது எத்தனை முறை விழுகிறது என்று கோடு போடச் சொல்லுங்கள், நிறையப் போட்டால் 3 முன்னால் வரும். 16 விதமாக விழலாம், அதில் நான்கு விதம் 3 ஆகும். 12-க்கும் 6-க்கும் ஒவ்வொரு விதம்தான். ஏன் என்று அவர்களே மண்டையைக் குடைந்து கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

பரமபதம் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லாப் பள்ளியிலும் அதுதான் இருக்கிறது. கட்டையை உருட்டிக் காயை ஒவ்வொரு கட்டமாக நகர்த்துவதில் ஒன்றும் கற்பதற்கில்லை, வெறும் அதிர்ஷ்டம். இன்னொன்று, கடையில் விற்கிற அட்டையில் எண்கள் ஒரு வரி இடமிருந்து வலம், அடுத்த வரி வலமிருந்து இடம் என்று வளைந்து வளைந்து போகும். 7-க்கு நேர் மேலே 14 இருக்கும், 17 இருக்காது. பத்துக் கூட்டினால் நேர் மேலே போகும் என்று பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் எல்லா வரியும் இடப்பக்கத்தில் தொடங்குகிற மாதிரி நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள். பாம்பைத் தொட்டால் 10 கழி, ஏணியைத் தொட்டால் 10 கூட்டு என்று மாற்றிவிட்டால் ஆட்டமும் சீக்கிரம் முடியும்.

எழுத்துக்கு, ப, ட, ம, ட், ம் ஆகிய அட்டைகளில் ஒவ்வொன்றும் சில பிரதிகள். படம், மடம், பட்டம், மட்டம் என்று இரண்டு பேர் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போவார்கள். அடுத்த வாரம் ல, க இரண்டையும் சேர்த்தால் கலம் வரும், பலகை வேண்டுமே என்று கேட்பார்கள், அப்போது கை வரும், ஐகாரம் கேட்டு வாங்கின எழுத்தாக ஆகிவிடும். படத்தையும் சொல்லையும் இணைக்கிற புதிர் அட்டையில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒவ்வொன்றையும் வேறு வேறு வளைவில் வெட்டினால் பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் வெட்டைப் பார்த்தே பொருத்திவிடும். எல்லாவற்றையும் நேராக வெட்டி, விடையைப் பின்பக்கம் சின்னமாகப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, குழுவில் ஆறு பேர் இருந்தாலும் ஆட்டம் இரண்டு இரண்டு பேராகத்தான். ஆறு பேருக்கு ஒரு தாயக்கட்டை என்றால் ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள், அங்கேதான் சண்டை தொடங்கும்.

இரண்டாம்வகுப்பு_அம்மா எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, என் மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. கேட்கலாமா தெரியவில்லை. தினமும் வீட்டுக்கு வந்து தாயம் விளையாடினேன், பொம்மை வைத்துக் கதை சொன்னேன் என்கிறாள். சந்தோஷமாகத்தான் போகிறாள். ஆனால் நோட்டில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் தனியார் பள்ளி, நோட்டு நோட்டாக எழுதுகிறான். என் மாமியார் கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஓட்டுக்கூரை எழுதியது:

தாராளமாகக் கேளுங்கள் அம்மா. நோட்டை எண்ணாதீர்கள். வாரம் ஒரு முறை பள்ளியில் பார்க்காத ஏதாவது ஒன்றை, ரேஷன் கடைப் பலகையோ பேருந்துப் பெயரோ, வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். அது வருகிறது என்றால் மாமியாரிடம் அதையே காட்டலாம். வரவில்லை என்றால் டீச்சரிடம் போய்க் கேளுங்கள், நோட்டு ஏன் காலி என்று கேட்காமல் இந்தச் சொல் ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.

ஆனால் ஆசிரியர்களுக்கும் ஒன்று, இந்த அம்மா கேட்பது நியாயமான கேள்விதான். விளையாட்டு முடிந்ததும் ஒரு வரியாவது எழுதாமல் தட்டை அனுப்பக் கூடாது. சோழிக்கணக்கு சார் சொன்ன 38 + 32 கூட ஒரு வரிதான். அந்த வரி இல்லை என்றால் யார் விளையாடினார்கள், யார் வேடிக்கை பார்த்தார்கள் என்று நமக்கே தெரியாது.

வடமராட்சி_ரீச்சர் எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இங்கே ஆரம்பப் பிரிவை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். தரம் 1, 2 முதலாவது, தரம் 3, 4 இரண்டாவது, தரம் 5 மூன்றாவது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றும் எல்லா நிலையிலும் உண்டு, அளவுதான் மாறும். முதலாவதில் விளையாட்டுக்கு முதலிடம், எழுத்து வேலை மிகக் குறைவு, இரண்டாவதில் மூன்றும் ஏறக்குறையச் சமம், மூன்றாவதில் எழுத்து வேலை கூடும்.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் தரம் 5 இல் புலமைப்பரிசில் பரீட்சை நிற்கிறது. அதனால் தரம் 3 தாண்டினால் பெற்றோரே வந்து விளையாட்டு போதும் ரீச்சர், கொப்பியில் எழுத வையுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த அம்மாவின் கேள்வி இங்கேயும் அப்படியேதான் இருக்கிறது.

குழு மாற்றுவதற்கு நான் செய்வது, மணிக்குப் பதில் ஒரு பாட்டு. நான் தொடங்குவேன், பிள்ளைகள் சேர்ந்துகொள்வார்கள், பாட்டு முடிய முன்னம் பெட்டி மூடியிருக்க வேண்டும். மணி சட்டென்று வெட்டிவிடும், பாட்டு என்றால் கையில் இருப்பதை முடிக்கக் கொஞ்ச அவகாசம் கிடைக்கும். எந்தப் பாட்டு என்பது முக்கியமில்லை, மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்கும் சலித்துவிடும் எனக்கும் சலித்துவிடும்.

சும்மா_கேட்கிறேன் எழுதியது:

பாட்டு யோசனை நல்லது, அதை எடுத்துக்கொள்கிறேன். 60-க்கு 2 என்பதை நான் விடப் போவதில்லை, அதற்கு வேறு இழை தொடங்குகிறேன். ஆனால் பல்லாங்குழி வைத்து 70 சரிபார்ப்பது எனக்குத் தோன்றியதில்லை, எங்கள் பள்ளியில் மரப்பலகை ஒன்று பீரோவுக்கு மேலே தூசு படிந்து கிடக்கிறது. ஒரு பலகை, இரண்டு பேர் விளையாடுவார்கள், மீதிப் பேர்?

சோழிக்கணக்கு எழுதியது:

பலகையே வேண்டாம் சார். முட்டை வாங்கும் கடையில் 30 முட்டை அடுக்கும் அட்டைத் தட்டு கேளுங்கள், இலவசமாகத் தருவார்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி தேவை, ஒரு தட்டில் வரிசைக்கு ஆறுதான் வரும் என்பதால் வெட்டி ஒட்ட வேண்டும். அதற்கும் சோம்பலாக இருந்தால் தரையில் சாக்பீஸால் 14 வட்டம், மண் தரை என்றால் குழியே தோண்டிவிடலாம். சோழிக்குப் புளியங்கொட்டை. வறுத்துக் கொடுத்தால் தின்றுவிடுவார்கள், பச்சையாக வையுங்கள். ஒன்றாம் வகுப்பில் மூக்கில் போட்டுக்கொள்கிற பிள்ளை இருந்தால் அந்தக் குழுவுக்குப் பாட்டில் மூடி.

முல்லைத்திணை எழுதியது:

ஒரு வாரம் ஓடியது. தட்டு நகர்கிறது, பிள்ளைகள் நகரவில்லை, பாதிச் சத்தம் போய்விட்டது. மீதி பாதி எண்ணிச் சரிபார்க்கும்போது வருகிறது, "இவங்க ரெண்டு கொட்டை கம்மியாக் குடுத்தாங்க" என்று. அதை நான் நிறுத்தவில்லை. மலர் குழுவை வாரத்தில் இரண்டு நாள்தான் பார்ப்பது மனதுக்கு உறுத்துகிறது, அதில் ஒரு பெண் பிள்ளை தினமும் பாய் ஓரமாக வந்து நின்று பார்க்கிறாள். மூன்று காரணத்துக்கு மட்டும் வரலாம் என்ற விதி போட்ட மறுநாளே ஒருவனுக்கு நான்கு முறை கழிவறை வந்தது.

வாசிப்பு மூலைதான் இன்னும் சரிவரவில்லை. புத்தகத்தைப் புரட்டுகிறார்கள், வைக்கிறார்கள், அடுத்ததை எடுக்கிறார்கள். அதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?

பழைய_ஏணி எழுதியது:

அந்தப் பெண்ணை வாசிப்பு மூலைக்கு அனுப்புங்கள் அம்மா. ஒரே ஒரு கதையைக் கையில் கொடுத்து, மூன்று அரும்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அவர்கள் அதில் தங்களுக்குத் தெரிந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று விரல் வைக்க வேண்டும். மூலையில் மொத்தம் ஐந்து புத்தகம் போதும், மற்றதைப் பீரோவில் வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை மாற்றுங்கள். நிறைய இருப்பதால்தான் புரட்டுகிறார்கள். அடுத்த வாரம் வேறு பிள்ளை வாசிக்கட்டும், மறந்துவிடாதீர்கள், சும்மா கேட்கிறேன் சார் பார்த்துக்கொண்டிருக்கிறார்.